தொழிற்சாலையில் தேறியது களத்தில் தேறுமா?

புதிய படைக்கலங்களை முழு உற்பத்திக்கு அனுப்பும் முன் அவற்றை உருவாக்கியவர்கள் அல்லாத வேறொருவர் சோதிக்க வேண்டுமா என்பது குறித்து வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: ஆயுதத்தை வடிவமைத்த பொறியாளர்களே ஆண்டுக்கணக்கில் சோதித்த பிறகுதான் படையிடம் ஒப்படைக்கிறார்கள். அதன் பின் இன்னொரு குழு மறுபடியும் சோதிப்பது வீண் செலவு அல்லவா? (ஈரோடு வாசகர்)

இரண்டும் ஒரே சோதனையாக இருந்தால் வீண் செலவுதான். ஒப்பந்தத்தில் குறித்த வேகத்தையும் தொலைவையும் துல்லியத்தையும் கருவி எட்டுகிறதா என்பதைப் பொறியாளர் பார்க்கிறார். அதற்காகச் சூழலைத் தம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வது அவர் வேலையின் முறை. களச் சோதனையிலோ, சாதாரணப் பயிற்சி பெற்ற வீரர்கள், இரவிலும் புழுதியிலும், எதிரியாக நடிக்கும் ஓர் அணி தன் விருப்பப்படி இயங்கும்போது, அதே கருவியைக் கொண்டு தமக்கு இட்ட பணியை முடிக்கிறார்களா என்று பார்க்கப்படுகிறது. பழுதானால் யார் சரிசெய்கிறார்கள், உதிரி பாகம் வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்பவையும் மதிப்பீட்டில் சேரும்.

இந்த வேறுபாட்டுக்கு அமெரிக்கக் கடற்படை கொடுத்த விலை பெரிது. இரண்டாம் உலகப் போரில் அதன் நீர்மூழ்கிகள் நம்பியிருந்த, நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் மார்க் 14 டார்பிடோவில், கப்பலின் அடிப்பகுதிக்குக் கீழே செல்லும்போது அதன் காந்தப் புலத்தை உணர்ந்து வெடிக்கும் ஒரு கருவி பொருத்தப்பட்டிருந்தது. அந்தக் காந்த வெடிப்புமுறையை உண்மையான இலக்கின் மீது வெடித்துப் பார்த்தது 1926இல் ஒரே ஒரு முறை. அதிலும் ஏவிய இரண்டில் ஒன்று வெடிக்காமலே போனது. ஒரு டார்பிடோவின் விலை சுமார் 10,000 டாலர் என்பதால் பொருளாதார மந்தக் காலத்தில் யாருக்கும் அதைச் செலவழிக்க மனம் வரவில்லை. போர் தொடங்கியதும், குறி தவறாமல் ஏவியும் கப்பல்கள் மூழ்கவில்லை என்று தளபதிகள் முறையிட்டனர். ஆயுதத்துக்குப் பொறுப்பான அலுவலகமோ மாலுமிகளின் குறிபார்ப்பில்தான் கோளாறு என்று பதில் எழுதியது.

1942 ஜூனில் ரியர் அட்மிரல் சார்லஸ் லாக்வுட், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி அருகே கடலில் ஒரு மீன்வலையைக் கட்டி, அதன் வழியே டார்பிடோக்களை ஏவச் சொன்னார். வலையில் விழுந்த துளைகளை அளந்தபோது, நிர்ணயித்த ஆழத்தைவிடச் சுமார் 10 அடி கீழே அவை ஓடுவது தெரிந்தது. அதைச் சரிசெய்த பிறகு காந்தக் கருவியின் குறை வெளிப்பட்டது. 1943 ஜூனில் பசிபிக் கடற்படைத் தளபதி அட்மிரல் நிமிட்ஸ் அதைச் செயலிழக்கச் செய்யுமாறு உத்தரவிட்டார். அடுத்த மாதமே டினோசா என்ற நீர்மூழ்கி ஒரு பெரிய ஜப்பானிய எண்ணெய்க் கப்பலின் மீது 15 டார்பிடோக்களை ஏவியது. ஓடமுடியாமல் நின்றுவிட்ட கப்பலின் பக்கவாட்டில், செங்கோணத்தில், ஒன்றன்பின் ஒன்றாக மோதியவை வெடிக்கவில்லை. தளபதி டாஸ்பிட் மிஞ்சிய ஒரே ஒரு டார்பிடோவை ஏவாமல், பரிசோதனைக்காகப் பேர்ல் துறைமுகத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். ஹவாய்த் தீவுப் பாறைகளின் மீது ஏவியும், பாரந்தூக்கியின் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மீது விழவிட்டும் பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. சாய்வாக மோதினால் வெடித்த டார்பிடோ, நேராக மோதினால் வெடிப்பூசி நசுங்கிச் செயலற்றுப்போனது. எவ்வளவுக்கு எவ்வளவு திறமையாகக் குறிபார்த்தார்களோ அவ்வளவுக்கு அவ்வளவு வெடிக்கும் வாய்ப்பு குறைவு என்ற நிலையில் அந்த மாலுமிகள் ஏறத்தாழ இருபது மாதங்கள் போரிட்டிருக்கிறார்கள்.

மூன்று குறைகள், ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு இருந்தன. மூன்றையும் கண்டுபிடித்தவர்கள் அதைப் பயன்படுத்தியவர்கள். மூன்றையும் முதலில் மறுத்தவர்கள் அதை உருவாக்கியவர்கள். பொறியாளர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. தாம் பல ஆண்டுகள் உழைத்து முடித்த ஒன்றில் குறை தேடுவதற்கு மனித மனம் எளிதில் இசையாது என்பதே இங்குள்ள சிக்கல்.

கேள்வி: அமெரிக்காவில் இதற்கென்றே ஓர் அலுவலகம் இருப்பதாகப் படித்தேன். அது எப்படி உருவானது? ஆயுதத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அதற்கு உண்டா? (மதுரை வாசகர்)

1983இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவானது அந்தக் களச் சோதனை, மதிப்பீட்டு இயக்குநர் அலுவலகம் (DOT&E). பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனின் உயர் அதிகாரிகளுக்கு இதில் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. அலுவலகத்தின் முதல் இயக்குநர், முன்னாள் சோதனை விமானியான ஜான் கிரிங்ஸ், 1985இல்தான் பொறுப்பேற்றார். இயக்குநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்க, செனட் ஒப்புதல் அளிக்க வேண்டும். அவர் ஆயுதக் கொள்முதல் பிரிவுக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர்; நேரடியாகப் பாதுகாப்பு அமைச்சருக்கும், அதே அறிக்கையை நாடாளுமன்றத்துக்கும் அனுப்புகிறார். சோதனைகளைத் தரைப்படை, கடற்படை, விமானப்படையின் சோதனைப் பிரிவுகளே நடத்துகின்றன. சோதனைத் திட்டம் போதுமானதா என்று ஒப்புதல் தருவதும், முடிவைத் தனியாக மதிப்பிடுவதும் இந்த அலுவலகத்தின் வேலை.

தடுத்து நிறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆனால் குறைந்த அளவு உற்பத்தியிலிருந்து முழு உற்பத்திக்குப் போகும் முன், சோதனை போதுமானதாக இருந்ததா, ஆயுதம் போரில் பயன் தருமா, படை அதை வைத்துப் பராமரிக்க இயலுமா என்ற கேள்விகளுக்கு அதன் அறிக்கை விடை சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். மோசமான அறிக்கை கையில் இருக்கும்போதே கையெழுத்திட அமைச்சருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த அறிக்கையை நாடாளுமன்ற உறுப்பினர்களும் படித்திருப்பார்கள். இந்த ஏற்பாட்டின் பலம் முழுவதும் அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

அந்த அலுவலகம் தொடங்கிய காலத்திலேயே ஒரு பெரிய விவகாரம் காத்திருந்தது. சார்ஜண்ட் யார்க் என்ற விமான எதிர்ப்புப் பீரங்கி வண்டியில் எஃப்-16 போர் விமானத்தின் ரேடாரைத் தழுவிய ஒரு ரேடார் இருந்தது. வானத்தில் இலக்கைத் தேடப் பிறந்த அந்த ரேடார், மரங்களுக்கு மேல் தாழப் பறக்கும் ஹெலிகாப்டரைத் தரைப் பின்னணியிலிருந்து பிரித்தறியத் திணறியது. பழைய எம்-48 டாங்கியின் அடித்தளத்தில் அமைந்த வண்டியோ, தான் காவல் செய்ய வேண்டிய எம்-1 டாங்கிகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. சுமார் 180 கோடி டாலர் செலவான பிறகு, 1985 ஆகஸ்டில், பாதுகாப்பு அமைச்சர் காஸ்பர் வைன்பெர்கர் அத்திட்டத்தைக் கைவிட்டார். 600க்கும் மேற்பட்ட வண்டிகள் வாங்கத் திட்டமிட்டிருந்த நிலையில், கட்டி முடிந்தவை 50 அளவிலேயே நின்றன.

கேள்வி: சோதனையின்போது தயாரித்த நிறுவனத்தின் ஆட்கள் உடன் இருக்கலாமா? (திருச்சி வாசகர்)

அமெரிக்கச் சட்டப்படி, போர்க்களத்திலும் அவர்கள் அந்த ஆயுதத்தை இயக்கவோ பராமரிக்கவோ போகிறார்கள் என்றால் அந்த அளவுக்கு மட்டும் சோதனையில் பங்கேற்கலாம்.

கேள்வி: எஃப்-35 விமானம் சோதனை முடியும் முன்பே நூற்றுக்கணக்கில் விற்கப்பட்டதே. அப்படியானால் இந்தச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தானா? (சென்னை வாசகர்)

சட்டத்தின் எழுத்து மீறப்படவில்லை, நோக்கம்தான் தோற்றது. "குறைந்த அளவு உற்பத்தி" என்பது, சோதனைக்குத் தேவையான விமானங்களைத் தருவதற்கும் உற்பத்தி வரிசையை ஓடவைப்பதற்கும் விதிக்கப்பட்ட சிறு எண்ணிக்கை. எஃப்-35 அந்தப் பெயரிலேயே ஆண்டுதோறும் வாங்கப்பட்டது. முறைப்படியான களச் சோதனை 2018 டிசம்பரில்தான் தொடங்கியது. நவீன வான்காப்பு அமைப்புகள் நிறைந்த எதிரி வான்வெளியைத் திறந்தவெளிச் சோதனைத் தளத்தில் உருவாக்கிக்காட்ட முடியாது என்பதால் அதன் இறுதிப் பகுதியைக் கணினி உருவகச் சூழலில் நடத்த வேண்டியிருந்தது. அந்தச் சூழலை அமைப்பதே பல ஆண்டுகள் தாமதமாகி, 2023 செப்டம்பரில்தான் அப்பகுதி முடிந்தது. முழு உற்பத்திக்கு 2024 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தபோது ஏறத்தாழ 1,000 விமானங்கள் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தன.

அந்த நிலையில் வரும் அறிக்கை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் பயன் குறைவு. கண்டறிந்த குறைகளைப் புதிய விமானங்களில் மட்டுமல்லாமல் பறந்துகொண்டிருக்கும் பழைய விமானங்களிலும் திருத்த வேண்டும். அதற்கான செலவு அரசின் தலையில் விழும். பென்டகனின் கொள்முதல் பொறுப்பில் இருந்த ஃபிராங்க் கெண்டலே, சோதனைகள் முடிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த விமானத்தை உற்பத்திக்கு அனுப்பிய முடிவை 2012இல் வெளிப்படையாகக் கண்டித்தார். சோதிப்பவர் சுதந்திரமானவராக இருப்பது மட்டும் போதாது, அவர் சொல்லும்போது கேட்டுத் திருத்த இடமிருக்கும் காலத்தில் சொல்லவும் வேண்டும் என்பதையே நான் இதில் காண்கிறேன்.

கேள்வி: அண்மையில் அந்த அலுவலகத்தின் ஆட்கள் குறைக்கப்பட்டார்களாமே? (புதுச்சேரி வாசகர்)

ஆம். 2025 மே மாதம் பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத் பிறப்பித்த உத்தரவு, பணியாளர் எண்ணிக்கையை 30 குடிமைப் பணியாளர்கள், 15 படையினர், ஒரு மூத்த அதிகாரி என்ற அளவுக்குக் குறைத்தது. அதற்கு முன் 90க்கும் மேற்பட்டோர் இருந்தனர். செலவு மிச்சமும், படைப்பிரிவுகளே இந்த வேலையைச் செய்கின்றன என்பதும் சொல்லப்பட்ட காரணங்கள். 1983இல் சட்டம் இயற்றப்பட்டதற்குக் காரணமே, தாங்கள் விரும்பி வாங்கும் ஆயுதத்தைப் படைப்பிரிவுகளே மதிப்பிட்டது போதவில்லை என்பதுதான்.

கேள்வி: நம் அர்ஜுன் டாங்கியை ராணுவம் சோதித்தபோது நடந்ததும் இதே கதையா? (ஆவடி வாசகர்)

இல்லை, கிட்டத்தட்டத் தலைகீழான கதை. 1974இல் அனுமதி பெற்று, உங்கள் ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான அர்ஜுனைச் சோதித்தது, அதைப் பயன்படுத்தப் போகும் தரைப்படையே. அதே படை 2001இல் ரஷ்யாவின் டி-90 டாங்கிகள் 310ஐ வாங்க ஒப்பந்தம் செய்திருந்தது. மார்க் 14இல் உருவாக்கியவருக்கு ஆயுதத்தின் மீது பற்று அதிகம். இங்கே சோதிப்பவருக்கு வேறொன்றின் மீது நாட்டம் இருக்கிறது என்று ஆராய்ச்சித் துறை ஆதரவாளர்கள் குறைபட்டனர். தரைப்படையோ, எடையும் நம்பகமும் உண்மையான பிரச்சினைகள் என்றது. இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. பாலங்களும் ரயில் தளங்களும் தாங்குமா என்பது களச் சோதனையின் முறையான கேள்வி. 58 டன்னுக்கு மேற்பட்ட டாங்கியை அது உருட்டிப் பார்க்கத்தான் செய்யும்.

2010இல் ராஜஸ்தான் பாலைவனத்தில் இரண்டு டாங்கிகளையும் அருகருகே ஓடவிட்டுச் சுடவைத்து ஒப்பிட்ட பிறகுதான் வாக்குவாதம் ஓரளவு அடங்கியது. அர்ஜுன் நன்றாகச் செயல்பட்டதாகச் செய்திகள் வந்தன. அதே ஆண்டு மே மாதம், முதலில் கேட்ட 124க்கு மேல் இன்னும் 124 வாங்க முடிவாயிற்று. மேம்படுத்திய மார்க்-1ஏ வகையில் 118 டாங்கிகளுக்கு 2021 செப்டம்பரில் 7,523 கோடி ரூபாய் மதிப்பில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிடம் ஆணை தரப்பட்டது. ஆராய்ச்சித் துறைக்கும் படைக்கும் வெளியே நின்று, இருவர் சொல்வதையும் சரிபார்த்து நாடாளுமன்றத்தின் முன் வைக்கும் ஓர் அலுவலகம் அன்று இங்கே இருந்திருந்தால், அந்த ஒப்பீட்டுச் சோதனையை டி-90 ஒப்பந்தத்துக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து நடத்த வேண்டியிருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.