குதிரைக்கு வந்த மரு

கேள்வி: எங்கள் ஐந்து வயதுக் குதிரைக்குக் கண்ணோரம் மரு போல வளர்கிறது. நூல் கட்டி அறுத்துவிடலாம் என்கிறார்கள், செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அது சார்காய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். குதிரைகளின் தோல் கட்டிகளில் அதுதான் முதலிடம், மாடுகளுக்கு மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ்தான் இதற்கும் காரணம். உள்ளுறுப்புகளுக்குப் பரவாது என்பது ஆறுதல், ஆனால் அரைகுறையாக அறுத்தால் முன்னைவிட வேகமாகத் திரும்ப வளரும். கண்ணோரக் கட்டி என்றால், நம் குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பு மருந்தையே கட்டிக்குள் சில வார இடைவெளியில் பலமுறை ஊசியாகப் போடுவார்கள், பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். ஒவ்வாமை வரலாம் என்பதால் மருத்துவர் கூடவே இருக்க வேண்டும். காலில் வந்தால் அந்த ஊசி சரிப்படாது, கட்டியை உறையவைத்தோ சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தைச் செலுத்தியோ பார்ப்பார்கள். சரி, மருத்துவர் வரும்வரை அங்கே ஈ மொய்க்க விடாதீர்கள்.