கேள்வி கேட்டால் பின்மாற்றமா (விசுவாசத்தை விட்டு விலகுவதா)?

கேள்வி: சிறுவயது முதல் சபையில் வளர்ந்தவள் நான். ஆறு நாள் படைப்பு, இயேசு இரகசியமாக வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்வார் என்ற இரகசிய வருகை, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் தசமபாகம் என்று ஒவ்வொன்றிலும் சந்தேகம் வருகிறது. ஒன்றை விட்டால் எல்லாமே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: எல்லாவற்றையும் ஒரே எடையில் கற்பித்ததால் வந்த பயம் இது. ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள். திருச்சபைகள் பொதுவாக அறிக்கையிடுவது முதல் பத்தி. சபைக்குச் சபை மாறுவது இரண்டாவது. உங்கள் சபையின் பழக்கம் மட்டுமே என்பது மூன்றாவது. உறுத்துகிற ஒவ்வொன்றையும் அதனதன் பத்தியில் எழுதுங்கள்.

325-இல் உருவாகி 381-இல் விரிவான நிசேயா விசுவாசப் பிரமாணம் (திருச்சபைகளின் பொது விசுவாச அறிக்கை), கடவுள் படைத்தார் என்கிறது. எத்தனை நாளில் என்று சொல்வதில்லை. திருச்சபையின் பழைய இறையியலாளர் அகஸ்டின் 5-ஆம் நூற்றாண்டிலேயே அந்த ஆறு நாட்களை நாம் எண்ணும் நாட்களாகக் கொள்ளவில்லை. படைப்புக்கு கி.மு. 4004 என்று ஆண்டு குறித்தவர் 17-ஆம் நூற்றாண்டின் பேராயர் ஜேம்ஸ் அஷர். இரகசிய வருகை, அதாவது கடைசிக்கால உபத்திரவத்துக்கு முன்பே சபை எடுத்துக்கொள்ளப்படும் என்ற போதனையை 19-ஆம் நூற்றாண்டில் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி. தசமபாகம் கட்டாயமா என்பதிலும் சபைகள் ஒத்துப்போவதில்லை. இவையெல்லாம் இரண்டாம் பத்திக்குரியவை. இவற்றில் மனம் மாறியவர் விசுவாசத்தை விட்டவர் ஆகமாட்டார்.

உயிர்த்தெழுதல் முதல் பத்தி. அது இல்லையென்றால் தன் பிரசங்கமே வீண் என்று பவுலே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 15:14). அதற்கு மாதக்கணக்கில் நேரம் கொடுங்கள். ஆதரித்து எழுதிய நல்ல நூல் ஒன்று, மறுத்து எழுதிய நல்ல நூல் ஒன்று, இரண்டையும் கடைசிவரை படியுங்கள். நள்ளிரவில் ஒன்றன்பின் ஒன்றாக வீடியோ பார்ப்பது ஆராய்ச்சி ஆகாது, பதற்றத்தைத்தான் கூட்டும். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி போதும்.

இன்னொன்று. சபையில் பட்ட காயத்தையும் உபதேசச் சந்தேகத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். மிரட்டல், பண மோசடி, பாலியல் அத்துமீறல் போன்றவற்றுக்கு வேதபாடம் தீர்வாகாது. அவற்றுக்கு விலகலும் புகாரும்தான் வழி.

கேள்வி: ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை. நடிக்கவும் மனமில்லை.

பதில்: நடிக்காதீர்கள். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88-ஆம் சங்கீதம் ஆறுதல் வரி ஒன்றும் இல்லாமலே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. தினம் 10 நிமிடம், ஒரு புலம்பல் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்து நிறுத்திக்கொள்ளுங்கள். சொந்தமாகச் சொல்ல ஒரு வரி வேண்டுமென்றால், தன் அவிசுவாசம் நீங்க உதவும்படி இயேசுவிடம் கேட்ட, நோயுற்ற மகனின் தகப்பனுடைய வரி இருக்கிறது (மாற்கு 9:24). இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வை விசுவாசக் குறைவு என்று சொல்லி நாள் கடத்துவது ஆபத்து.

கேள்வி: எங்கள் வாலிபர்கள் கேள்வி கேட்கிறார்கள். சபைக்குள் அதற்கு எப்படி இடம் கொடுப்பது?

பதில்: ஆறு முதல் எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம், மாதம் இருமுறை. பாடகர் குழுவிலும் ஞாயிறு பள்ளியிலும் யாருக்குப் பொறுப்பு என்று முடிவுசெய்பவர் இதை நடத்தக்கூடாது. அவர் எதிரில் யாரும் மனம் திறக்கமாட்டார்கள். முதல் சுற்றில் கேள்வி மட்டும், பதில் கிடையாது. பேசியது வெளியே போகக்கூடாது, உயிருக்கு ஆபத்து என்றால் தவிர. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒருவரின் சந்தேகத்தை ஜெபக்குறிப்பாக்கிச் சபை முழுக்க அறிவித்துவிட்டால் அந்தக் குழு அன்றோடு முடிந்தது.

பெரும்பாலான குழுக்கள் கெடுவது கடைசிப் பத்து நிமிடத்தில். யாராவது ஒருவர் எழுந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்துவைப்பார். எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபின் நண்பர்கள் அவரோடு ஏழு நாள் மௌனமாகக் கூட உட்கார்ந்தார்கள். கடவுளின் கோபத்துக்கு ஆளானது அதற்குப் பின் அவர்கள் பேசிய பேச்சு (யோபு 42:7). பதில் தெரிந்தவர் அடுத்த கூட்டம்வரை வைத்திருக்கட்டும். கேட்டவர் விரும்பினால் சொல்லட்டும்.

பொறுப்பில் இருப்பவருக்கே சந்தேகம் வந்தால் மூன்று மாதம் ஓய்வு கொடுங்கள். மேடையில் காரணம் சொல்ல வேண்டாம். அந்த மூன்று மாதமும் யாராவது ஒருவர் வாரம் ஒருமுறை அவரோடு பேசட்டும். திரும்பி வருவதைப் பற்றி அவராக எடுக்கும்வரை பேச்செடுக்க வேண்டாம்.