அப்பப்பாவின் துவக்கு

வணக்கம் அண்ணன்,

எங்கள் வீட்டில் அப்பப்பாவின் இரட்டைக்குழல் துவக்கு ஒன்று லைசன்ஸோடு இருக்கிறது. 1880களில் ஒரு தென்னந்தோட்டத் துரை, யானையிடமிருந்து தன்னைக் காப்பாற்றியதற்காக அப்பப்பாவின் தகப்பனுக்குக் கொடுத்தது என்பார்கள். குழலின் மேலே கொழும்புக் கடை ஒன்றின் பெயர், அடியில் கிரீடமும் என்.பி. என்ற எழுத்தும். துரையின் பெயரைக் கண்டுபிடிக்க வழியுண்டா?

வாசகர், தம்பிலுவில்

அன்புள்ள தம்பி,

துரை இருக்கட்டும், முதலில் துவக்கைப் பாருங்கள். இங்கிலாந்தில் செய்த துவக்குகளில் விற்கிற கடையின் பெயரை வெட்டுவது அப்போது வழக்கம், அதனால் மேலே உள்ள பெயரை வைத்து செய்தவரைச் சொல்ல முடியாது. அடிப்பக்கம்தான் பேசும். தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, முன்கட்டையைக் கழற்றிக் குழலை வேறாக்கித் திருப்புங்கள். கிரீடத்துக்குக் கீழே பி.வி., பி.பி., என்.பி. மூன்றும் இருந்தால், அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் துவக்குக் குழல்களைச் சோதிக்கும் சாலையில் 1904 முதல் 1954 வரை குத்திய முத்திரை. என்.பி. என்றால் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது. பழைய துவக்கும் மறுசோதனைக்குப் போய் வந்திருக்கலாம், ஆகவே குழலையும் பாருங்கள்: பாய் பின்னல் போல வரியோடினால் இரும்பும் உருக்கும் முறுக்கிச் செய்த பழைய பாணி டமாஸ்கஸ் குழல், உங்கள் கதைக்கு இன்னும் இடமுண்டு. வெறும் உருக்கு என்றால், 1904க்குப் பிந்தியது என்று எடுத்துக்கொண்டே நான் தேடத் தொடங்குவேன். தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், முத்திரை போனால் எல்லாம் போச்சு. சோக்குத்தூள் தடவி, பக்கத்திலிருந்து வெளிச்சம் விழ வைத்துப் படமெடுத்தால் போதும்.

அப்புறம் காகிதம். துவக்குச் சட்டம் 1916இல் வந்தது, வருசா வருசம் லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும், ஆகவே பெட்டகத்தில் பழைய லைசன்ஸ் ஒன்றாவது கிடக்கும். அதிலுள்ள இலக்கம் துவக்கில் வெட்டிய இலக்கத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். உங்கள் அம்பாறை 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது, அதற்கு முந்திய காகிதங்களைத் தேடுவதென்றால் மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கேளுங்கள்.

ஆனால் தம்பி, துரை கொடுத்த கதை நம் பக்கம் பல போடியார் வீடுகளில், அதாவது பெரிய வயல்காரர் வீடுகளில், உண்டு. நான் உங்களிடம் கேட்க விரும்புவது வேறு: 1980களில் ஆயுத இயக்கங்கள் வீடு வீடாக லைசன்ஸ் துவக்குகளை எடுத்துக்கொண்டு போனபோது இது எப்படித் தப்பியது? யார் ஒளித்தார்கள், எங்கே, அல்லது யாரிடம் ஒப்படைத்துத் திரும்ப வாங்கினார்கள்? வட்டையில், வயல்வெளியில், பன்றிக்கும் யானைக்கும் காவல் இருந்த இரவுகளில் இதைத் தூக்கியது போடியாரா, கூலிக்கு நின்ற முல்லைக்காரரா? இதெல்லாம் எந்தக் கச்சேரியிலும் இல்லை. அப்பாவிடமும் மாமிமாரிடமும் இப்போதே கேட்டு, யார் சொன்னது, எப்போது சொன்னது என்று பெயரும் திகதியும் போட்டு எழுதி வையுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்தால் இரண்டையும் எழுதுங்கள்.

அடிப்பக்கப் படங்களை அனுப்புங்கள், முத்திரைகளைச் சேர்ந்து வாசிப்போம்.