தின்னர் கழிவைச் செங்கல் சூளையில் எரிக்கலாமா?

கப்பலூர் பட்டறையில் சேரும் தின்னர் கழிவையும் பெயின்ட் கசடையும், "சூளையில் 1000 டிகிரி வருதே, எரிச்சிட்டா என்ன?" என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் சார். அந்தச் சூடு செங்கல்லுக்கு, புகைக்கு இல்லை. தின்னரில் உள்ள டொலுவீன் 111 டிகிரியிலேயே ஆவியாகி, பாதி எரிந்தும் எரியாமலும் புகைபோக்கி வழியே போய்விடும். கரும்புகை அதுதான்.

அபாயக் கழிவை எரிப்பதற்கென்றே உள்ள முறையான உலையில் கழிவு முதலில் சுழல் உருளையில் எரியும். அதிலிருந்து வரும் வாயு இரண்டாவது அறையில் 1100 டிகிரியில் குறைந்தது 2 விநாடி, போதிய ஆக்சிஜனோடு நிற்கும். ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு ஏறும். ஆபரேட்டர் முதலில் பார்ப்பதே அந்த மீட்டரைத்தான். அடுத்து வாயுவைச் சட்டென்று குளிர்விக்க வேண்டும். 450-லிருந்து 200 டிகிரிக்கு மெதுவாக இறங்கினால், கசடில் குளோரின் இருக்கும்பட்சத்தில், அழிந்த டயாக்சின் என்ற கொடிய நச்சு சாம்பல்தூசியின் மேல் மறுபடி உருவாகும். பிறகு அமில வாயுவைப் பிடிக்கச் சுண்ணாம்பு, மிச்ச நச்சைப் பிடிக்கக் கரித்தூள், தூசியைப் பிடிக்கப் பை வடிகட்டி. சூளையில் இதில் எது இருக்கிறது?

கசடையும் தின்னரையும் தனித்தனி டிரம்மில் மூடி, அபாயக் கழிவு விதிகளின் படிவம் 8 லேபிள் ஒட்டுங்கள். 90 நாளுக்குள், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அங்கீகாரத்தோடு, படிவம் 10 (கழிவோடு போகும் சீட்டு) போட்டு, அப்படிப்பட்ட உலைக்கு அனுப்புங்கள். தின்னர் தெளிவாக இருந்தால் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரே காசு கொடுத்து எடுக்கலாம். முதலில் அதை விசாரியுங்கள்.