புளியரை வீட்டுத் தோட்டத்தில் ஹம்மிங்பேர்டா?

கேள்வி: எங்கள் வீட்டு இட்லிப்பூச் செடிக்கு அந்தி நேரத்தில் கட்டைவிரல் அளவில் ஒன்று வருகிறது. பூவில் உட்காராமல், அந்தரத்தில் நின்றே தேன் குடிக்கிறது. இறக்கை கண்ணுக்குத் தெரிவதில்லை. நியூஜெர்சியில் இருக்கும் மகனுக்குப் படம் அனுப்பினேன்; "ஹம்மிங்பேர்ட் அம்மா, இங்கேயும் வரும்" என்கிறான். உங்களுக்கும் படத்தை அனுப்பியிருக்கிறேன். காலையில் செம்பருத்திக்கு வருவதும் அதுதானா? சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா?
- வாசகி, புளியரை

பதில்: மகன் அங்கே பார்ப்பது ஹம்மிங்பேர்ட்தான் அம்மா. ஆனால் அந்தக் குடும்பத்தின் 350க்கும் மேற்பட்ட இனங்களில் ஒன்றுகூட வட, தென் அமெரிக்கப் பகுதிகளைத் தாண்டி வாழ்வதில்லை. ஆரியங்காவுக் கணவாயில் எந்தக் காற்று அடித்தாலும் புளியரைக்கு வராது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலையில் இரண்டு உணர்கொம்புகள், நுனிப்பக்கம் சற்றே தடித்து, தெளிவாக நிற்கின்றன. பறவைக்கு ஏது உணர்கொம்பு? அலகு என்று நீங்கள் நினைத்தது உறிஞ்சுகுழல். பூவை விட்டு விலகும்போது கவனியுங்கள், சுருண்டுகொள்ளும். வால் போல விரிவது மயிர்க்குஞ்சம். வந்தது அந்துப்பூச்சி! இந்த வகையில் பல, பகலிலும் பறப்பவை. மஞ்சணத்தி இலையில் பின்புறம் ஒற்றைக் கொம்புள்ள புழுவைக் கண்டால் நசுக்கிவிடாதீர்கள்; இவற்றின் பிள்ளையாக இருக்கலாம்.

செம்பருத்திக்கு வருவது தேன்சிட்டாகத்தான் இருக்கும். அதுவும் நொடிநேரம் அந்தரத்தில் நிற்கும். ஆனால் காம்பைப் பற்றி உட்கார்ந்து குடிப்பதே அதன் வழக்கம். பெரிய பூ என்றால் அடியில் துளையிட்டுத் தேனைத் திருடும். மகரந்தத்தைச் சுமக்கும் கூலி வேலையெல்லாம் அப்போது கிடையாது.

எந்தத் தேன்சிட்டு என்று அறிய, வெயில் உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். அதன் இறகின் மினுமினுப்பு ஒளி விழும் கோணத்தைப் பொறுத்தது. எதிர்வெயிலில் எல்லாமே கறுப்புதான். நியூஜெர்சி ஹம்மிங்பேர்டின் சிவப்புத் தொண்டைக்கும் இதே கதை. வயிறு மஞ்சள், தொண்டை ஊதா என்றால் ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் ஆண். உடல் முழுக்கக் கருநீலமாக மின்னினால் ஊதாத் தேன்சிட்டு. அலகு மிக நீண்டு வளைந்து, மார்பில் அரக்குப் பட்டை, வயிறு பழுப்பு என்றால் லோட்டன் தேன்சிட்டு. உங்கள் ஊர் மலையடிவாரம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய, முதுகு கருஞ்சிவப்பான சின்னத் தேன்சிட்டும் வரக்கூடும். பெண்களைப் பிரித்தறிவது கடினம். எந்த ஆணோடு வருகிறாள் என்று பாருங்கள்.

சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். தாழ்வாரத்து ஒட்டடையை ஒரு மூலையிலாவது விட்டுவையுங்கள். சிலந்தி நூலைப் பறித்துத்தான் பெண் சிட்டு தொங்கும் கூட்டைக் கட்டும். வீட்டில் யாராவது முகம் சுளித்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.