தேங்காய்ப்பால் திரிந்தால் திரியட்டும்!

வாசகர் கேள்வி-பதில்: தாய்லாந்து கிரீன் கறி

பாட்டிலில் வாங்கிய கிரீன் கறி பேஸ்ட்டைத் தேங்காய்ப்பாலில் கரைத்துக் கொதிக்கவிட்டேன். பச்சை வாசனை போகவில்லை, குழம்பும் சப்பென்று இருந்தது. எங்கே தவறு?
வாசகி, திருச்சி

வரிசையில்தான். சொதி வைத்துப் பழகிய கை நமக்கு. இரண்டாம் பாலில் காய் வேகும், முதல் பால் கடைசியில் விழும், நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிடுவோம். பால் திரிந்துவிடுமோ என்ற பயம். தாய்லாந்தில் நேர்மாறு. முதல் பால்தான் முதலில் போகும், அது திரியவும் வேண்டும்.

நான்கு பேருக்கான அளவு இது. கெட்டியான முதல் பால் 200 மில்லியை அகலமான வாணலியில் ஊற்றி, மிதமான தீயில் அவ்வப்போது கிளறுங்கள். ஐந்து முதல் எட்டு நிமிடத்தில் பால் பாதியாகச் சுண்டும். குமிழ்கள் சிறுத்து, கொதிக்கும் சத்தம் மாறிப் பொரியும் சத்தம் கேட்கும், ஓரத்தில் தெளிந்த எண்ணெய் நிற்கும். அந்த எண்ணெயில்தான் 3 டேபிள்ஸ்பூன் பேஸ்ட்டை வதக்க வேண்டும். தீயைக் குறைத்து நான்கைந்து நிமிடம். பூண்டு, மிளகாய் இவற்றின் பச்சை வாசனை அடங்கி, எண்ணெய் பச்சை நிறத்தில் கசியும்போது சரியான பதம். பால் முழுவதையும் ஒரேயடியாக ஊற்றிவிட்டால் பேஸ்ட் வதங்காது, வெறுமனே வேகும். உங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

பிறகு எலும்பில்லாத கோழித் தொடைக்கறி 400 கிராம் போட்டு இரண்டு நிமிடம் புரட்டுங்கள். மீன் சாஸ் ஒன்றரை டேபிள்ஸ்பூன், சர்க்கரை 2 டீஸ்பூன், இரண்டாம் பால் 400 மில்லி. கொதி வந்ததும் கத்தரிக்காய். பத்து நிமிடத்தில் கறி வெந்துவிடும். குழம்பு தண்ணியாக, மேலே எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்க இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். சோளமாவைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள்.

பாக்கெட் தேங்காய்ப்பால் அரை மணி நேரம் கொதித்தும் எண்ணெய் பிரியவில்லையே?
வாசகர், கோவை

பல பாக்கெட்டுகளில் பால் பிரியாமல் இருக்கவே நிலைப்படுத்திகள் சேர்த்திருப்பார்கள். உறையின் பின்பக்கம் பாருங்கள்: தேங்காய், தண்ணீர் தவிர வேறு பெயர்கள் இருந்தால் காத்திருப்பது வீண். ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, பேஸ்ட்டை வதக்கி, பாலை நாலு கரண்டியாகச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒரு மூடித் தேங்காய் துருவிப் பிழிய நேரமிருந்தால் அதற்கு ஈடு கிடையாது.

பேஸ்ட்டை வீட்டிலேயே அரைக்க முடியுமா? பொருள்கள் இங்கே கிடைக்குமா?
வாசகி, மதுரை

பாதிக்கு மேல் நம் ஊரிலேயே உண்டு. கறியில் போடும் பட்டாணி அளவுக் ‘கத்தரிக்காய்’ வேறொன்றுமில்லை, நம் சுண்டைக்காய். வற்றல் வேண்டாம், பச்சைக்காயைக் காம்பு கிள்ளி முழுதாகப் போடுங்கள். பேரரத்தை பச்சைக் கிழங்காக வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் காய்ந்த துண்டு கஷாயத்துக்குத்தான் சரி. கொத்தமல்லிக்கட்டில் வெட்டி எறிகிறோமே, அந்த வேர் இந்தப் பேஸ்ட்டுக்கு முக்கியம். தழையின் மணமும் அதன் மணமும் ஒன்றல்ல. கடைசியில் தூவும் ‘தாய் பேசில்’ இலைக்குத் திருநீற்றுப்பச்சிலை நெருங்கிய உறவு. துளசி வேண்டாம், அதன் காரநெடி தனித்துத் தெரியும். கறியில் மணத்துக்குப் போடும், எலுமிச்சை வகையைச் சேர்ந்த மக்ரூட் லைமின் இரட்டை இலை கிடைக்காவிட்டால் இளம் நாரத்தை இலை நாலைக் கிழித்துப் போடலாம்.

அளவு: மல்லி 1 டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன் இரண்டையும் வறுத்து, 10 வெள்ளை மிளகுடன் பொடித்துக்கொள்ளுங்கள். அரை டீஸ்பூன் உப்பு, எலுமிச்சைப்புல் இரண்டு தண்டின் அடிப்பகுதி, பேரரத்தை ஆறு மெல்லிய வில்லை, எலுமிச்சைத் தோல் துருவல் 1 டீஸ்பூன், கொத்தமல்லி வேர் ஐந்து, பச்சை மிளகாய் 12 முதல் 15, பூண்டு 6 பல், சின்ன வெங்காயம் 5, கடைசியாகப் புளிக்கவைத்த இறால் விழுது 1 டீஸ்பூன். உரலில் இதே வரிசையில் இடியுங்கள். நாருள்ளதும் கடினமானதும் முன்னால். வெங்காயம் முதலில் விழுந்தால் நீர் விட்டு வழுக்கும், புல் மசியாது.

மிக்ஸி என்றால் எலுமிச்சைப்புல்லைக் குறுக்காக, தாள் போல மெல்லிசாக நறுக்குங்கள். நீளமாக நறுக்கினால் நார் நாராகப் பல்லில் மாட்டும். ஜாரில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சுற்றவில்லையென்றால் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விடலாம்.

இலை போலப் பச்சையாக அரைத்தேன். கறி காக்கி நிறத்தில் வந்தது. ஏன்?
வாசகர், சென்னை

நெடுநேரச் சூடும் புளிப்பும் பச்சையம் கெடக் காரணம். எலுமிச்சைச் சாறு இந்தக் கறிக்குத் தேவையில்லை. பேஸ்ட்டைச் சிவக்க வறுக்கவும் கூடாது. இன்னும் பச்சை வேண்டுமானால் ஒரு கைப்பிடி மிளகாய் இலையோ திருநீற்றுப்பச்சிலையோ அரைத்து, இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன் கலக்குங்கள். ஆனாலும் பசலைக்கீரை நிறம் வராது, வரவும் வேண்டாம். தாய்லாந்தில் இதன் பெயர் கேங் கியாவ் வான். கியாவ் பச்சை, வான் இனிப்பு. இங்கே அந்த இனிப்பு நாக்குக்கு அல்ல, கண்ணுக்கு. பால் கலந்த இளம்பச்சையைத்தான் சொல்கிறார்கள்.

அப்படியென்றால் கருப்பட்டி சேர்க்கலாமா?
வாசகி, தூத்துக்குடி

அங்கேயும் பனஞ்சர்க்கரை உண்டு, ஆனால் வெளிர்நிறம். நம் கருப்பட்டி நிறத்தைக் கெடுத்துவிடும். வெளிறிய வெல்லமோ சாதாரணச் சர்க்கரையோ போதும்.

சைவமாகச் செய்ய என்ன மாற்ற வேண்டும்?
வாசகர், கும்பகோணம்

கடை பேஸ்ட்டை முதலில் சந்தேகப்படுங்கள். பலவற்றில் இறால் இருக்கும். வீட்டில் அரைத்தால் இறால் விழுதுக்குப் பதில் புளிக்கவைத்த சோயா விழுது 1 டீஸ்பூன், மீன் சாஸுக்குப் பதில் வெளிர் சோயா சாஸ், உப்பு குறைந்தால் ஒரு சிட்டிகை உப்பு. கோழிக்குப் பதில் டோஃபுவைப் பொரித்துப் போடுங்கள், உடையாது. பனீர் வேண்டாம், பால் வாசனை தேங்காயோடு மோதும்.

உருளைக்கிழங்கு, காரட்?
வாசகி, சேலம்

போடலாம். அது நல்ல குருமா.