வாசகர் கேள்வி – பதில்: பளு தூக்குதலில் எதை அளப்பது?

கேள்வி: பளு தூக்கும் இளம் வீரர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். எடைத் தட்டுகள் மாட்டிய கம்பியை (பார்) தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச் முறையில், ஒரு வீராங்கனை தூக்கும் எடை பல மாதங்களாக ஏறவில்லை. குறை வலிமையிலா, நுட்பத்திலா என்பதை உடல் அசைவையும் விசையையும் ஆராயும் உயிர் இயக்கவியலின் அளவீடுகளால் அறிய முடியுமா? என்னிடம் கைப்பேசிக் கேமரா மட்டுமே உள்ளது.

பதில்: முடியும், ஆனால் காணொளியை எடுக்கும் விதத்தில் கவனம் தேவை. தரையிலிருந்து முழங்கால் வரையிலான முதல் இழுப்பு, முழங்கால்கள் மீண்டும் மடங்கிப் பாரின் கீழே முன்னோக்கி நகரும் இடைநிலை, உடல் முழுவதும் நிமிரும் இரண்டாம் இழுப்பு, பிறகு பாரின் கீழே இறங்கி அதைத் தாங்குதல் என்று ஸ்நாட்சைப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். இவற்றில் இரண்டாம் இழுப்பு ஏறத்தாழ 0.15 முதல் 0.2 நொடிக்குள் முடிந்துவிடுகிறது. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் அந்த முக்கியமான கட்டத்திற்கு ஐந்தாறு படங்களே கிடைக்கும் என்பதால், 120 அல்லது 240 படம் எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். கேமராவைப் பாரின் முனைக்கு நேராக, வீராங்கனையின் இடுப்பு உயரத்தில், சற்றுத் தள்ளித் தாங்கியில் நிறுத்த வேண்டும்; பாரைப் பின்தொடர்ந்து அதைத் திருப்பக் கூடாது. போட்டி விதிப்படி பெரிய எடைத் தட்டின் விட்டம் 450 மில்லிமீட்டர் என்பதால் அதையே அளவுகோலாகக் கொள்ளலாம். அந்த அளவுகோல் தட்டு இருக்கும் தளத்துக்கு மட்டுமே பொருந்தும். அதைக் கொண்டு உடலின் தூரங்களை அளந்தால் பிழை வரும்.

இனி எதைப் பார்ப்பது என்பது. பாரின் செங்குத்து வேகம் எப்படி ஏறுகிறது என்பதே என் பார்வையில் முதல் இடம் பெற வேண்டியது. தேர்ந்தவர்களிடம் அது பெரும்பாலும் தொடர்ந்து ஏறும், அல்லது இடைநிலையில் சிறிதளவே தாழும். வேக வரைபடத்தில் அங்கே ஆழமான பள்ளம் தெரிந்தால், முதல் இழுப்பில் பெற்ற வேகத்தின் ஒரு பகுதி வீணாகி, அதை இரண்டாம் இழுப்பில் மறுபடி ஈட்ட வேண்டியிருக்கிறது என்று பொருள். உச்ச வேகத்தை அடைந்த பின் பார் பெரும்பாலும் அந்த வேகத்தின் உந்துதலிலேயே மேலேறுகிறது. நொடிக்கு 1.8 மீட்டர் என்றால் அதன்பின் சுமார் 16 செ.மீ., 1.6 மீட்டர் என்றால் சுமார் 13 செ.மீ. உயரும். கீழே இறங்கும்போது கைகள் பாரை இழுப்பதால் உண்மையில் இது சற்றுக் கூடலாம். ஒவ்வொருவருக்கும், அவரவர் உயரத்தையும் இறங்கும் விரைவையும் பொறுத்து, வெற்றிக்குத் தேவையான குறைந்தபட்ச வேகம் ஒன்று உண்டு.

உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. அவர் வெற்றிகரமாக எடுத்த மிகக் கூடிய எடையின்போது இருந்த உச்ச வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறவிட்ட எடையில் வேகம் அதைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் குறை இழுப்பில் இருக்கிறது: வலிமை போதவில்லை, அல்லது இடைநிலையில் வேகம் வீணாகிறது, எது என்பதை வேக வரைபடத்தின் பள்ளம் காட்டிவிடும். வேகம் அதே அளவில் இருந்தும் பார் விழுந்தால் கால் வலிமையைக் கூட்டுவதால் பயனில்லை. பார் முன்னே விலகுகிறதா, உச்ச உயரத்திலிருந்து தாங்கும் இடத்துக்கு அதிக தூரம் கீழிறங்குகிறதா என்று பாருங்கள். பாதம் சற்றே பின்னகர்ந்து தரையிறங்குவது சிறந்த வீரர்களிடமும் உண்டு. அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம்.

கேள்வி: சில செயலிகள் திறனை (ஒரு நொடியில் செய்யும் வேலையின் அளவை) வாட் கணக்கில் காட்டுகின்றன. அதை நம்பலாமா?

பதில்: அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் அளவோடு நம்பலாம். 100 கிலோ பார் இரண்டாம் இழுப்பில் 0.2 நொடியில் 0.3 மீட்டர் உயர்ந்து, அதன் வேகம் நொடிக்கு 1.2 மீட்டரிலிருந்து 1.8 மீட்டராக ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். உயர்த்தியதற்கு 294 ஜூல், வேகமேற்றியதற்கு 90 ஜூல். மொத்தத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி 1,920 வாட். இது பாருக்குச் சென்ற திறன் மட்டுமே, தன் உடலை உயர்த்த வீரர் செலவிட்டது இதில் இல்லை. இடங்களை அளந்து வேகம் காணும்போது சிறு பிழைகள் பெருகுகின்றன. வேகத்திலிருந்து முடுக்கத்தைக் கண்டு அதன்வழி உச்சத் திறனைச் சொன்னால் அவை மேலும் பெருகும். எனவே இரு செயலிகளின் எண்களை ஒப்பிடாதீர்கள். இரு வீரர்களை ஒப்பிடுவதும் பெரிதாக உதவாது. ஒரே வீரரை, ஒரே எடையில், ஒரே கருவியால் அளந்து வந்தால் மட்டுமே ஏற்ற இறக்கம் புலப்படும். எடை கூடும்போது வேகம் குறைவது இயல்பு என்பதால், திறன் உச்சம் பெறுவது பெரும்பாலும் அவரது அதிகபட்ச எடையில் அல்ல, அதற்குக் கீழேதான்.

கேள்வி: ஃபோர்ஸ் பிளேட் (காலடியில் வைத்து விசையை அளக்கும் பலகை) வாங்குவது அவசியமா?

பதில்: முதலில் தேவையில்லை. பாரைப் பார்த்து அறிய முடியாத ஒன்றை, அதாவது பாதம் தரையை அழுத்தும் விசையை, அது காட்டும். ஒவ்வொரு காலுக்கும் தனித்தனிப் பிளேட் இருந்தால் இடம் வலம் வேறுபாடும் தெரியும். காயத்திலிருந்து மீண்டு வருபவருக்கு அது மிகவும் பயன்படும். மற்றவர்களுக்குக் காணொளியை ஒழுங்காகத் தொடர்ந்து சேமித்து வந்தாலே ஒரு பருவத்துக்கு வேண்டிய விவரங்கள் கிடைத்துவிடும்.